வண்டிச் சாவி கேட்கும் பிள்ளை: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு பல வீடுகளில் வண்டிப் பேச்சு தொடங்கிவிடுகிறது. நான் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசி முடித்ததும் அடுத்து வரும் பேச்சு பெரும்பாலும் இதுதான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் நாடு முழுக்கச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் 64,105 விபத்துகளோடு அந்த ஆண்டு நாம்தான் முதலிடம். நாடு முழுக்க இறந்தவர்களில் 100-க்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். நம் பிள்ளைகள் முதலில் கேட்பதும் இருசக்கர வண்டியைத்தான் என்பதால், இங்கே பெரும்பாலும் அதைப் பற்றியே பேசுகிறேன்.

எந்த வயதில் வண்டி ஓட்டலாம்? 16 வயதிலேயே லைசென்ஸ் கிடைக்கும் என்கிறார்களே?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது ஆகியிருக்க வேண்டும். அதில் ஒரு விலக்கு உண்டு. 50 சிசிக்கு மேற்படாத எஞ்சின் உள்ள வண்டியை 16 வயது முடிந்தவர், பெற்றோரின் சம்மதத்தோடு லைசென்ஸ் எடுத்து ஓட்டலாம். இதைப் பாதி மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, "கியர் இல்லாத வண்டிக்கு 16 போதும்" என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள்.

உங்கள் வாசலில் நிற்கும் வண்டியைப் பாருங்கள். டிவிஎஸ் எக்ஸ்எல் 100 என்றால் கிட்டத்தட்ட 100 சிசி. ஸ்கூட்டி பெப் பிளஸ் 88 சிசி அளவு. ஆக்டிவா 110 சிசி அளவு. 50 சிசி வண்டியைக் கடையில் தேடினாலும் இன்று கிடைப்பது அரிது. ஆகவே 16 வயதில் எடுத்த லைசென்ஸ் வீட்டு ஸ்கூட்டருக்குச் செல்லாது. நடைமுறையில் 18 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி ஸ்கூட்டருக்கு லைசென்ஸே வேண்டாமாமே?

எல்லா பேட்டரி ஸ்கூட்டருக்கும் அப்படி இல்லை. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள்ளும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் மட்டுமே சட்டம் அதை மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. அதற்குப் பதிவு எண் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். அதைவிட வேகமாகப் போகும் ஓலா, ஏத்தர், ஐக்யூப் போன்றவற்றுக்கு பெட்ரோல் வண்டிக்கு உள்ள எல்லா விதிகளும் உண்டு.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். "ஸ்பீடு லாக்கை எடுத்துவிட்டால் 45 வரை போகும்" என்று கடையிலேயே ஆசை காட்டுவார்கள். லாக்கை எடுத்த பிறகு அது பதிவு செய்யாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். ஊருக்குள் தெருக்களில், ஹெல்மெட்டோடு, 25-க்குள் போகும் வண்டியை ஓட்டுவதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பைபாஸில் மற்ற வண்டிகள் 80-ல் வரும்போது 25-ல் ஊர்ந்து போகும் பிள்ளை பெரிய ஆபத்தில் இருக்கிறது. சட்டம் லைசென்ஸ் கேட்கவில்லை என்பதற்காக அந்தச் சாலை பாதுகாப்பானதாகிவிடாது.

டியூஷனுக்குத்தானே போகிறான்? நாலு தெரு தள்ளித்தான். இதற்குப் போய் 18 வயது வரை காத்திருக்கணுமா?

காத்திருக்கத்தான் வேண்டும். தெரிந்த தெரு என்றால் கவனம் குறையும். ஹெல்மெட் வீட்டிலேயே இருந்துவிடும். வளைவில் யாரும் வரமாட்டார்கள் என்ற நினைப்பிலேயே திரும்புவார்கள். பால் வண்டி, பள்ளி வேன், தெருநாய், கேட்டைத் திறந்து ஓடிவரும் குழந்தை என்று எல்லாம் இருப்பது அந்த நாலு தெருவில்தான். அப்புறம், நாலு தெருவுக்குக் கொடுத்த சாவி நாலு தெருவோடு நிற்பதும் இல்லை. டியூஷன் முடிந்து நண்பனை இறக்கிவிடப் போவான், அங்கிருந்து டீக்கடைக்கு, அங்கிருந்து இன்னொரு வீட்டுக்கு. பிள்ளை பொய் சொல்கிறான் என்று நான் சொல்லவில்லை. அந்த வயதில் வண்டி கையில் இருந்தால் அப்படித்தான் நடக்கும்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் 11-ஆம் வகுப்பில் விலையில்லா சைக்கிள் தருகிறார்கள். மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் இருக்கிறது. பஸ் நேரத்துக்கு டியூஷன் நேரம் ஒத்துவரவில்லை என்றால், அதே பகுதியில் இருந்து வரும் மூன்று நான்கு பெற்றோர் சேர்ந்து டியூஷன் ஆசிரியரிடம் அரைமணி நேரம் முன்பின்னாக வைக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

பிடிபட்டால் அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம் அல்லவா?

2019-க்கு முன்பு ஓரளவு அப்படித்தான் இருந்தது. அந்த ஆண்டுத் திருத்தத்தில் 199ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். தண்டனை 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸ் கிடைக்காது. படித்து முடித்து வேலைக்குப் போகும் வயதில், ஒரு டெலிவரி வேலைக்குக்கூட விண்ணப்பிக்க முடியாது. பெற்றோரிடம் நான் இதைத்தான் அழுத்திச் சொல்வேன். 25,000 ரூபாயைவிடப் பெரிய தண்டனை இது.

"எனக்குத் தெரியாமல் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்" என்று சொல்லிவிட முடியுமா என்றால், சொல்லலாம். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். உங்கள் சம்மதத்தோடுதான் ஓட்டினான் என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். டிவி மேல் கிடக்கும் சாவியைக் காட்டி, உரிய கவனத்தோடு இருந்தேன் என்று வாதாடுவது கஷ்டம்.

இன்சூரன்ஸ் பக்கம் இன்னும் மோசம். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியிருந்தால் உங்கள் வண்டியின் சேதத்துக்குப் பணம் வராது. அடிபட்டவருக்கு இழப்பீடு கொடுக்கும்படி நீதிமன்றம் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு உத்தரவிட்டாலும், கொடுத்த தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள அந்த நிறுவனத்துக்கு அனுமதி கிடைக்கும். உயிரிழப்பு என்றால் அது பல லட்சங்களுக்குப் போகும். வீட்டுப் பத்திரம் வரைக்கும் வந்து நிற்கும் விஷயம் இது.

2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய சொகுசு கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லிப் பையனுக்கு ஜாமீன் கொடுத்தபோது நாடே கொதித்தது. பையனின் அப்பா கைதானார். செய்தி பரபரப்பாக ஓடிய அந்த வாரத்திலும் நம் ஊர்ப் பள்ளி வாசல்களில் சீருடை போட்ட பிள்ளைகள் வண்டியில் வந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சார், அவன் என்னைவிட நன்றாக ஓட்டுவான். அப்புறம் என்ன பயம்?

நன்றாகவே ஓட்டுவான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பதினேழு வயதுக் கைக்கும் காலுக்கும் வண்டியைச் சமாளிப்பது சுலபம். ஆனால் சாலையில் உயிரைக் காப்பாற்றும் திறமை வேறு இடத்தில் இருக்கிறது. நின்றிருக்கும் பஸ்ஸின் முன்னால் இருந்து ஒருவர் சாலையைக் கடக்க வரக்கூடும். ஓரமாக நிற்கும் காரின் கதவு திடீரென்று திறக்கும். முன்னால் போகும் ஆட்டோ, கை காட்டும் ஆளைப் பார்த்ததும் சட்டென்று ஓரம் கட்டும். கரும்பு லோடு டிராக்டருக்குப் பின்னால் ரிப்ளெக்டர் இருக்காது. இதையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் முன்பே எதிர்பார்ப்பதற்குப் பெயர்தான் ஓட்டத் தெரிவது. பல வருடம் ஓட்டியவருக்கு இது தன்னால் வரும். புதிதாக ஓட்டுபவரின் கண் முன் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிற்கும்.

பதின்வயதுக்காரர்களின் மூளையில், ஆசையையும் பரபரப்பையும் தூண்டும் பகுதி சீக்கிரம் வளர்ந்துவிடுகிறது. நிறுத்தி யோசிக்க வைக்கும் முன்பகுதி முதிர இருபது வயது தாண்டிச் சில வருடங்கள் ஆகின்றன. தனியாக இருக்கும்போது நிதானமாக ஓட்டும் பையன், நண்பன் பின்னால் உட்கார்ந்ததும் வேறு ஆளாக மாறுவது இதனால்தான். நல்ல பிள்ளைகளும் இதற்கு விதிவிலக்கு இல்லை. அதனால் "என் பையன் பொறுப்பானவன்" என்ற நம்பிக்கையை வைத்து மட்டும் சாவியைக் கொடுக்காதீர்கள்.

சரி, 18 முடிந்துவிட்டது. எப்படித் தொடங்குவது?

முதலில் எல்எல்ஆர், அதாவது பழகுநர் உரிமம். அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். எல்எல்ஆர் 6 மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழித்து ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். இந்த 30 நாளைப் பெரும்பாலான வீடுகளில் வெறும் காத்திருப்பாகவே கழிக்கிறார்கள். சிலர் எல்எல்ஆர் கையில் வந்த அன்றே முழு லைசென்ஸ் வந்ததுபோல் பிள்ளையை அனுப்பிவிடுகிறார்கள். வண்டியில் எல் போர்டு இருக்க வேண்டும். கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. இரண்டுமே விதியில் உள்ளவை.

ஆர்டிஓ மைதானத்தில் எட்டு போட்டுக் காட்டினால் லைசென்ஸ் கிடைத்துவிடும். கால் ஊன்றாமல் வண்டியைச் சமநிலையில் திருப்பத் தெரியுமா என்பதை அது காட்டும். மதுரை மாட்டுத்தாவணி முன்னால் சாயங்காலம் ஆறு மணிக்கு ஓட்டத் தெரியுமா என்பதை அது காட்டாது.

நியூசிலாந்தில் 1987-லேயே படிப்படியாக லைசென்ஸ் தரும் முறையைக் கொண்டுவந்தார்கள். புதிதாக ஓட்டும் இளைஞர் இடைக் கட்டத்தில் இரவு நேரத்தில் தனியாக ஓட்டக் கூடாது, நண்பர்களை ஏற்றக் கூடாது. அந்தக் கட்டம் தாண்டிய பிறகே முழு லைசென்ஸ். பிறகு அமெரிக்க மாநிலங்கள் உட்படப் பல இடங்களில் இதைப் பின்பற்றினார்கள். நம் சட்டத்தில் அப்படிப் படிகள் இல்லை. எட்டு போட்ட மறுநாளே இரவு பதினோரு மணிக்கு நண்பனை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகலாம், சட்டம் தடுக்காது. அந்தப் படிகளை வீட்டில் நாம்தான் போட வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லும் படிகள் இவை. முதல் சில வாரங்கள் காலி மைதானத்திலும் விடியற்காலைத் தெருவிலும் மட்டும். அப்புறம் பகலில், தெரிந்த சாலையில், பின்னால் நீங்கள் உட்கார்ந்துகொண்டு. அதன் பிறகு பகலில் தனியாக. மூன்று நான்கு மாதம் ஒழுங்காகப் போனால் மாலை இருட்டிய பிறகும், மழையிலும், முதலில் உங்களோடும் பின்பு தனியாகவும். பின்னால் நண்பர் உட்காருவது ஆறு மாதம் கழித்து. நெடுஞ்சாலை கடைசி. முன்கூட்டியே உட்கார்ந்து பேசி, பிள்ளையும் ஒத்துக்கொண்டு, ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். சண்டை வரும்போது அந்தத் தாளைக் காட்டிப் பேசுவது எளிது.

நீங்கள் பின்னால் உட்காரும் நாட்களில் கத்தாதீர்கள். அதற்குப் பதில், பார்ப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டச் சொல்லுங்கள். "அந்த ஆட்டோ நிற்கப் போகுது", "அந்த அம்மா இந்தப் பக்கம் பார்க்கல", "இடதுபக்கச் சந்தில் வண்டி வருது". பிள்ளையின் கண் எங்கே போகிறது, எதைத் தவறவிடுகிறது என்பது பத்தே நிமிடத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பிரேக் பிடிக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? அது தானாக வருமே?

தானாக வருவது தப்பாகத்தான் வருகிறது. "முன் பிரேக்கைத் தொடாதே, கவிழ்ந்துவிடும்" என்று நம் வீடுகளில் தலைமுறையாகச் சொல்லிக் கொடுக்கிறோம். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்பக்கம் சாயும். அப்போது சாலையை அழுத்திப் பிடித்திருப்பது முன் சக்கரம்தான். ஆகவே வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும்பகுதி முன் பிரேக்கில் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் வண்டி சறுக்கிக்கொண்டே போய் மோதும். ஹேண்டில் நேராக இருக்கும்போது இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைச் சட்டென்று பிடிக்காமல் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய்ப் பிடிக்க வேண்டும். மணல், ஈரம், வளைவு வந்தால் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். காலி மைதானத்தில் 20, 30, 40 வேகத்தில் திரும்பத் திரும்பப் பழகட்டும். தேர்வில் இதைக் கேட்க மாட்டார்கள் என்பதால் யாரும் பழகுவதில்லை.

முதல் வண்டி எது வாங்கித் தரலாம்? பிளஸ் டூ மார்க் வந்தால் 200 சிசி பைக் என்று சொல்லிவிட்டேன்.

வாக்கைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். முதல் ஒன்றிரண்டு வருடம் 100 முதல் 125 சிசி போதும். பிள்ளையின் இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதிகிறதா, நின்ற இடத்தில் வண்டியைத் தள்ள முடிகிறதா என்று பாருங்கள். 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம், அதற்குக் கீழே இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ். அதற்கு முந்தைய பழைய வண்டி வாங்கினால் இவை இல்லாமல் இருக்கலாம். டயர் வழுக்கையாக இருந்தால் வண்டியை வாங்கும் அன்றே மாற்றிவிடுங்கள். இரண்டு பக்கக் கண்ணாடியையும் கழற்றி வைப்பது ஸ்டைல் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஹெல்மெட் போட்டால் முடி கொட்டுது, வியர்க்குது என்கிறான். என்ன சொல்வது?

வியர்ப்பது உண்மைதான். பருத்தித் துணியாலான உள்தொப்பி ஒன்று வாங்கிக் கொடுங்கள், அதைத் தினமும் துவைக்கச் சொல்லுங்கள். ஹெல்மெட்டைப் பிள்ளையையே கூட்டிப்போய்த் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தானே தேர்ந்தெடுத்த நிறமும் வடிவமும் என்றால் போடுவான். அப்பாவின் பழைய ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்தால் அது ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். 2021 ஜூன் முதல் அது இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம், ஆனாலும் சாலையோரத்தில் போலி ஸ்டிக்கரோடு விற்கிறார்கள். அதனால் கடையில் ரசீதோடு வாங்குங்கள். முகத்தையும் தாடையையும் மூடும் முழு ஹெல்மெட்டாக இருக்கட்டும். போட்டுப் பார்த்து, வாரை மாட்டிவிட்டு, பின்பக்கமாகப் பிடித்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அளவு பெரிது. கன்னம் லேசாக அழுந்த வேண்டும், நெற்றி வலிக்கக் கூடாது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் போடக் கூடாது. வெளியே கீறல் மட்டும் தெரியும், ஆனால் உள்ளே அதிர்ச்சியைத் தாங்கும் தெர்மாகோல் நசுங்கியிருக்கும்.

வார் மாட்டாத ஹெல்மெட், போலீஸ்காரரைப் பார்த்ததும் கையில் இருந்து தலைக்குப் போகும் ஹெல்மெட், பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து வரும் ஹெல்மெட், மூன்றும் ஒன்றுதான். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம், 3 மாதத்துக்கு லைசென்ஸ் முடக்கம்.

60-ல் போவது என்ன பெரிய வேகமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதைப் பிள்ளையோடு உட்கார்ந்து போடுங்கள், பதினொன்றாம் வகுப்பு இயற்பியல்தான். 40 வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறோம். 60-ல் கிட்டத்தட்ட 17 மீட்டர். எதிரே ஒன்றைக் கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகு, காய்ந்த நல்ல தார்ச்சாலையில் 40-ல் வந்த வண்டி நிற்க இன்னொரு 10 மீட்டர் போல வேண்டும், 60-ல் வந்த வண்டிக்கு 23 மீட்டர். மொத்தம் 40-க்கு 21 மீட்டர், 60-க்கு 40 மீட்டர்.

இப்போது 25 மீட்டர் தள்ளி ஒரு குழந்தை சாலையில் ஓடிவருகிறது. 40-ல் வந்தவன் குழந்தைக்கு முன்னாலேயே நின்றுவிடுவான். 60-ல் வந்தவன் பிரேக் பிடிக்கத் தொடங்கும்போதே 17 மீட்டர் போய்விட்டிருக்கும். மீதி 8 மீட்டரில் வேகம் கொஞ்சம்தான் குறையும். குழந்தை மேல் மோதும்போது வண்டியின் வேகம் சுமார் 48 கிலோமீட்டர். வேகத்தில் 20 கூட்டியதற்கு இவ்வளவு வித்தியாசம். மிச்சமான நேரமோ, 5 கிலோமீட்டர் பயணத்தில் அதிகபட்சம் இரண்டரை நிமிடம். வழியில் சிக்னல் இருந்தால் அதுவும் இல்லை.

போன் வந்தால் எடுக்காதே என்று சொல்லியும் கேட்பதில்லை.

அந்த நேரத்தில் கூப்பிடுவது யார் என்று யோசித்துப் பாருங்கள். பல சமயம் நாம்தான். "எங்கே இருக்க, இன்னும் வரலையா" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடித்தால், பிள்ளை ஹெல்மெட்டுக்குள் போனைச் சொருகிக்கொண்டுதான் பேசும். கிளம்பும்போது ஒரு மெசேஜ், போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ், நடுவில் கூப்பிடுவதில்லை என்று பேசி வையுங்கள். அந்த அரைமணி நேரம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பது கஷ்டம்தான். ஆனாலும் கூப்பிடாதீர்கள். 40 வேகத்தில் மூன்று நொடி திரையைப் பார்த்தால் 33 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். இரண்டு காதிலும் பாட்டு ஓடினால் பின்னால் வரும் லாரியின் ஹாரன்கூடக் கேட்காது.

நண்பர்களோடு டிரிபிள்ஸ், ரீல்ஸ், வீலிங்... எப்படித் தடுப்பது?

டிரிபிள்ஸ் போனால் 1,000 ரூபாய் அபராதமும் 3 மாத லைசென்ஸ் முடக்கமும் உண்டு. பொதுச்சாலையில் பந்தயம் விட்டால் முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். 2023 செப்டம்பரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரம் அருகே வீலிங் செய்து விழுந்த பிரபல யூடியூபர் ஒருவரின் லைசென்ஸைப் போக்குவரத்துத் துறை 10 ஆண்டுக்கு ரத்து செய்தது. அவரைப் பின்தொடர்ந்தவர்களில் பெரும்பகுதி பள்ளிப் பிள்ளைகள் என்பது நம் வகுப்பறைகளில் எல்லோருக்கும் தெரியும்.

சட்டத்தைச் சொல்லி மட்டும் பயன் இல்லை. இந்த வயதில் நண்பனிடம் "ஏறாதே" என்று சொல்வதுதான் பிள்ளைக்கு உலகத்திலேயே கஷ்டமான காரியம். அதைச் சொல்ல ஒரு சாக்கு கொடுங்கள். "மூணு பேரை ஏத்தினா எங்கப்பா வண்டியைப் பிடுங்கிடுவார்" என்று பழியை உங்கள் மேல் போடச் சொல்லுங்கள். நண்பர்களின் அம்மா அப்பாக்களோடும் பேசி வையுங்கள். நாலு வீட்டிலும் ஒரே விதி என்றால், யாரும் யாரையும் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்ய முடியாது.

குடித்துவிட்டு ஓட்டுவானோ என்று பயமாக இருக்கிறது. இதை எப்படிப் பேசுவது?

நேராகவே பேசுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், இரண்டில் ஒன்றோ இரண்டுமோ விதிக்கலாம். இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. "நீ குடித்திருந்தாலும், உன்னைக் கூட்டிவரும் நண்பன் குடித்திருந்தாலும், எந்த நேரத்திலும் எனக்குப் போன் பண்ணு. வந்து கூட்டிட்டு வர்றேன். அன்னிக்கு ராத்திரி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். கண்டிப்பதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் அடி விழும் என்ற பயத்தில் போதையோடு வண்டியை எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பிள்ளையைக் கெட்டுப்போக விடும் யோசனை என்று இதற்காகச் சில பெற்றோர் என்னோடு சண்டைக்கே வந்திருக்கிறார்கள். நான் மாற்றிக்கொள்ளவில்லை.

நெடுஞ்சாலையில் எதைக் குறிப்பாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்?

முதலில் ராங் சைடு. யூ டர்ன் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதற்காக எதிர்த்திசையில் ஓரமாகப் போவதை நம் ஊரில் யாரும் தப்பாகவே நினைப்பதில்லை. எதிரே வருபவன் அங்கே ஒரு வண்டியை எதிர்பார்க்கவே மாட்டான். இரவில் இன்னும் மோசம்.

அடுத்து லாரி, பஸ். அதன் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கு நீங்கள் தெரியவில்லை. இடதுபக்கம் நுழைந்து முந்துவதை அடியோடு விடச் சொல்லுங்கள். லாரி இடதுபக்கம் திரும்பினால் பின்சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வரும், அந்த இடுக்கில்தான் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். இரவில் விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரிகளுக்காக, ஹெட்லைட் வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில் மட்டும் போக வேண்டும். அறுவடைக் காலத்தில் கிராமத்துச் சாலைகளில் நெல், கேழ்வரகு, உளுந்துச் செடி எல்லாம் காயப் போட்டிருப்பார்கள். அதன் மேல் பிரேக் பிடித்தால் வண்டி நிற்காது. நீண்ட நாள் கழித்துப் பெய்யும் மழையில், சாலையில் படிந்த எண்ணெய்யும் தூசியும் கலந்து முதல் சில நிமிடங்கள்தான் அதிகம் வழுக்கும். அந்த நேரம் ஒரு கடை ஓரமாக நின்று போவதில் குறைச்சல் எதுவும் இல்லை.

பெண் பிள்ளைக்குத் தனியாக ஏதாவது சொல்ல வேண்டுமா?

துப்பட்டா. இரண்டு முனையையும் முன்னால் இழுத்துக் கட்டவோ பின் குத்தவோ செய்யாமல் வண்டி எடுக்கக் கூடாது. பின்னால் உட்காருபவரின் துப்பட்டாவும் புடவை முந்தானையும்தான் அதிகமாகச் சக்கரத்தில் சிக்குகின்றன. வெயிலுக்காக முகத்தைச் சுற்றிக் கட்டும் துணி பக்கப் பார்வையை மறைக்கும், அதன் மேல் ஹெல்மெட் சரியாக உட்காராது. உயர்ந்த கொண்டையும் அப்படித்தான், தாழ்வாகப் பின்னிக்கொள்ளட்டும். மற்றபடி பையனுக்குச் சொன்ன எல்லாமே பெண்ணுக்கும்தான். சில வீடுகளில் பயத்தில் பெண்ணுக்குச் சொல்லித் தராமலே வைத்திருந்து, வேலை கிடைத்ததும் ஒரே வாரத்தில் ஓட்டச் சொல்கிறார்கள். அவளுக்கும் அதே ஆறு மாதப் படிகள் வேண்டும்.

கார் என்றால்?

கார் ஓட்டவும் 18தான் வயது. லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தே பழக வேண்டும். பின்சீட்டில் இருப்பவர்கள் உட்பட எல்லோரும் பெல்ட் போட்ட பிறகே வண்டி நகரும் என்பதை ஓட்டுபவரின் வேலையாக வையுங்கள். நண்பர்கள் ஏறும் விஷயத்தில் பைக்குக்குச் சொன்ன அதே கட்டுப்பாடு காருக்கும் வேண்டும். காரில் நாலு பேர் ஏறலாம் என்பதால் ஆபத்தும் நாலு பேருக்கு.

"நீங்க மட்டும் ஹெல்மெட் போடறீங்களாப்பா?" என்று கேட்கிறான். பதில் சொல்ல முடியவில்லை.

நாளையில் இருந்து போடுங்கள். வேறு பதில் இல்லை. எல்கேஜி படிக்கும்போதே உங்கள் வண்டியின் முன்னால் நின்றுகொண்டு, சிக்னலை நீங்கள் எப்படித் தாண்டுகிறீர்கள், யாரைத் திட்டுகிறீர்கள், எப்போது போனை எடுக்கிறீர்கள் என்று பார்த்து வளர்ந்த பிள்ளை அது. "இனிமேல் நானும் சரியாக ஓட்டுகிறேன், தப்புப் பண்ணினா நீ சொல்லு" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் ஆர்வமாகச் சொல்வார்கள். அப்படித் தப்பைத் தேடித்தேடியே அவர்கள் கண்ணும் சாலைக்குப் பழகும்.

விபத்து நடந்துவிட்டால் பிள்ளை என்ன செய்ய வேண்டும்?

ஓடக் கூடாது. இதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், ஏனென்றால் பயத்தில் முதலில் தோன்றுவது ஓடுவதுதான். அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும் போலீசுக்குத் தகவல் சொல்வதும் சட்டப்படி ஓட்டுநரின் கடமை. 108-க்கு அழைக்க வேண்டும், பிறகு உங்களுக்கு. உங்களுக்குப் போன் வந்ததும் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி வண்டியைப் பற்றியதாக இருக்கக் கூடாது.

அடிபட்டவரின் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்ற வேண்டாம், கழுத்தெலும்பில் அடி இருக்கலாம். மூச்சுத் திணறினால் மட்டும், ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் தாங்க, மற்றவர் மெதுவாகக் கழற்றலாம். தலையில் அடிபட்டு எழுந்து நன்றாகப் பேசினாலும், பிறகு வாந்தியோ தூக்கக் கலக்கமோ தலைவலியோ வந்தால் உடனே மருத்துவமனை.

2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் அடிபட்ட யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் குறிப்பிட்ட தொகை வரை இலவசம். எந்த ஊர்க்காரர், காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. உங்கள் ஊருக்கு அருகே எந்தெந்த மருத்துவமனைகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

வேறு யாரோ அடிபட்டுக் கிடப்பதைப் பிள்ளை பார்த்தாலும் உதவச் சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவுபவரைப் பாதுகாக்கிறது. பெயர் சொல்லும்படியோ சாட்சியாக வரும்படியோ அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. கடைசியாக ஒரு சின்ன வேலை. போனைத் திறக்காமலே பார்க்கும்படி, அவசர எண்ணாக உங்கள் எண்ணையும் ரத்த வகையையும் பிள்ளையின் போனில் பதிந்து கொடுங்கள்.